இரட்டைப்படை

முதல் செல் லிம்ஃபோசைட். அடர் ஊதாவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றி நூல் அளவுக்கு நீலம். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பியூலாவின் இடது கை, ரகத்துக்கு ஒரு பொத்தான் வைத்த கவுண்டரில் இரண்டாவதை அமுக்கியது, டிக், ஒன்று ஆயிற்று, இன்னும் தொண்ணூற்றொன்பது. பெரிய வேலை ஒன்றுமில்லை. ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களில் ஐந்து ரகம் உண்டு, கண்ணில் படுகிற வரிசையில் நூறு அணுவை எண்ணி எந்த ரகம் எத்தனை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாளில் இதை மெஷின் ஒரு நிமிஷத்தில் துப்பிவிடும். இன்றைக்கு இந்த ஆளின் ரத்தத்துக்கு மட்டும் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு, என்னால் ஆகாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருக்கிற யாரோ சுடலையாண்டி, வயது நாற்பத்தாறு, ஆண்கள் வார்டு. காலை பத்தேகால் மணி. மருத்துவக் கல்லூரி லேபில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் படிக்கிற பெண்ணுக்கு ஒரு ஸ்லைடு எண்ணுவது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பாருங்கள், இரண்டாவது செல் நியூட்ரோஃபில், லேபில் அதற்குச் செல்லப்பெயர் பாலி, மூன்றாவதும் பாலி, நான்காவதை எண்ணப்போகும்போதே விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து, திரும்ப வைத்தாள். நான்கு இரட்டைப்படை. சீ, என்ன இது, மொத்தத்தை யார் கேட்டார்கள், ஒவ்வொரு ரகமும் தனித்தனியாக என்ன வருகிறது என்பதுதானே விஷயம் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஐந்தாவதுக்கு நகர்ந்தாள். அதுவும் பாலி.

காலையில் திசையன்விளை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. நின்றுகொண்டு வந்திருந்தால் அவள் பையைத் திறந்தே இருக்க மாட்டாள். உட்கார இடம் கிடைத்த சந்தோஷத்தில், நேற்று பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வந்த தன் ஆய்வேட்டை எடுத்து மடியில் வைத்தாள். கறுப்பு ரெக்ஸின் அட்டை, பொன்னெழுத்தில் அவள் பெயர், மூன்று பிரதிகள். பெயரை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள், யாருக்குத்தான் ஆசை இருக்காது. பிறகு சும்மா, வேறு எதற்குமில்லை, கடைசிப் பக்கங்களில் இருக்கிற பெரிய அட்டவணையை நடுவில் எங்கேயோ பிரித்துப் பார்த்தாள். காலில் புண் வந்த சர்க்கரை நோயாளிகள் எண்பது பேர், ஆளுக்கு ஒரு ஸ்லைடு, ஒவ்வொருவருக்கும் பாலி எத்தனை, லிம்ஃபோசைட் எத்தனை, அந்த இரண்டுக்கும் விகிதம் எத்தனை. அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, அறுபத்தாறு, எழுபத்தெட்டு. விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. எழுபது, அறுபத்துநான்கு, எண்பது. நாங்குநேரி தாண்டும்போது விரல் நின்றது. திரும்பவும் மேலே போய்ப் பார்த்தாள். பன்னிரண்டாவது ஆள் வரைக்கும் அறுபத்தேழு, எழுபத்திரண்டு, இருபத்தைந்து என்று ஒற்றையும் இரட்டையும் கலந்து கிடந்தன. பதிமூன்றாவது ஆளிலிருந்து எண்பதாவது ஆள் வரைக்கும் அத்தனையும் இரட்டைப்படை. ஒரே ஒரு ஒற்றை எண்ணுக்காக நான்கு பக்கத்தையும் அலசினாள், சீப்பு வைத்து வாரினாள் என்றே சொல்லலாம், ஒன்றுகூட அகப்படவில்லை. இத்தனை மாதம் அவளேதான் எழுதினாள், அவளேதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள், அவளேதான் பிழை திருத்தினாள், ஒருநாள்கூட அது கண்ணில் படவில்லை. அட்டை போட்டு, பொன்னெழுத்து பதித்த பிறகு பட்டது.

ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்றுமே பாலி. பன்னிரண்டு லிம்ஃபோசைட். காரணம் அவளுக்குத் தெரியாதா என்ன. நன்றாகத் தெரியும். லேபில் அதற்கு அரைக்கணக்கு என்று பெயர். எந்தப் புத்தகத்திலும் இருக்காது, எந்த டீச்சரும் வகுப்பில் சொல்ல மாட்டார், ஆனால் கூட்டம் நெரிகிற திங்கட்கிழமைகளில் இந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு கையும் அதைக் கற்றுக்கொண்டுவிடும். நூறு எண்ண வேண்டிய இடத்தில் ஐம்பது எண்ணு, வந்ததை இரண்டால் பெருக்கு, ரிப்போர்ட் எழுது, அடுத்த ஸ்லைடை எடு. இரண்டால் பெருக்கினால் ஒற்றை எண் எங்கிருந்து வரும். மூன்றாம் வகுப்புக் கணக்கு அது. எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்து, உயிர்ப் புள்ளியியல் பேப்பரில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கி, மூன்றாம் வகுப்புக் கணக்கில் வந்து மாட்டிக்கொண்டாளே என்று நினைத்தால் அழுகை வரவில்லை, சிரிப்புதான் வருகிறது. பதினேழு ஒரு மோனோசைட், பெரிய சாம்பல் நிற உடம்பு, உள்ளே மடங்கிப் படுத்த கரு, அழகாகத்தான் இருந்தது. ஆய்வின் முதல் பன்னிரண்டு ஸ்லைடை அவள் ஒழுங்காகத்தான் எண்ணினாள், கர்த்தர் சாட்சியாக. ஏனென்றால் அந்தப் பன்னிரண்டையும் அவளுடைய வழிகாட்டி மரகதவல்லி மேடம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டாவது முடிந்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இனிமேல் நான் பார்க்க வேண்டியதில்லம்மா, உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான் என்றார். அன்றைக்கு அவள் தரையில் கால் பாவாமல்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அந்தச் சொல்லைக் கேட்ட நான்காவது நாள் பதிமூன்றாவது ஸ்லைடு வந்தது.

அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தாளே, அதைச் சொல்ல வேண்டும். அன்று வியாழக்கிழமை. காலை எட்டிலிருந்து இரண்டு வரை லேப் டியூட்டி, அதற்குப் பிறகு ஒரு செமினார், மூன்றே முக்காலுக்குத்தான் சொந்த ஸ்லைடை எடுக்க முடிந்தது, நாலு பத்துக்குப் பஸ், அதை விட்டால் ஐந்தரைக்குத்தான் அடுத்தது. ஐம்பது வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அந்த நியாயம், யாரோ பின்னால் நின்று எடுத்துக்கொடுத்த மாதிரி, வந்து நின்றது. ஆய்வு எதைப் பற்றி, விகிதத்தைப் பற்றி. பாலியை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் வருகிற எண்ணைப் பற்றி. மேலேயும் இரண்டால் பெருக்கி கீழேயும் இரண்டால் பெருக்கினால் விகிதம் மாறுமா? மாறாது. அப்படியானால் யாருக்கு என்ன நஷ்டம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று பாலி. அந்த நியாயம் எவ்வளவு பளபளப்பாக இருந்தது தெரியுமா, அதை வைத்துக்கொண்டு அறுபத்தெட்டு ஸ்லைடை அவள் கூசாமல் ஓட்டினாள். பஸ் இல்லாத நாளிலும் ஓட்டினாள். மழைக்கு ஒதுங்கி ஆறு மணி வரை லேபில் சும்மா உட்கார்ந்திருந்த நாளில்கூட ஐம்பதில் நிறுத்தினாள், அதுதான் அசிங்கம். முதல் தடவை அவசரம், இரண்டாவது தடவை அலுப்பு, பத்தாவது தடவைக்குப் பிறகு கைப்பழக்கம். ஐம்பது வந்தால் விரல் தானாக நிற்கும். மெஷினை விட ஒழுங்காக நிற்கும்.

சேர்மக்கனி அண்ணாச்சி பின்னால் வந்து நின்றது அவர் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. லேப் பொறுப்பாளர், இந்த லேபில் மைக்ராஸ்கோப்புகளை விட வயதானவர். வார்டில் இருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டதாம், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து நிற்கிறாராம், எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார்களாம். பத்து நிமிஷம் என்றாள் கண்ணை எடுக்காமல். ஒரு ஸ்லைடுக்குப் பத்து நிமிஷமா என்று அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை, ஆனால் சேர்மக்கனி அண்ணாச்சி பேசாமல் நிற்பதிலேயே எல்லாக் கேள்வியும் இருக்கும். போய்விட்டார். இருபத்தொன்பது லிம்ஃபோசைட். அந்த எண்பது ஸ்லைடும் கையில் இருந்தால் அவள் இன்றைக்கே, சோறு தண்ணீர் இல்லாமல், ராவும் பகலுமாக உட்கார்ந்து திரும்ப எண்ணிவிடுவாள். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. ஸ்லைடு வைத்திருந்த மரப்பெட்டி லேபுக்குச் சொந்தம், முதலாண்டுப் பிள்ளைகளின் பிராக்டிகலுக்கு வேண்டும் என்று அண்ணாச்சி மார்ச் மாதம் கேட்டார். அவள் என்ன செய்தாள், பெட்டியைக் காலி செய்து, எண்பது கண்ணாடியையும் பிளீச் வாளியில் சரித்து, மறுநாள் அவளே பிரஷ் போட்டு விளக்கி, காயவைத்து, துணியால் துடைத்து அடுக்கிக் கொடுத்தாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று அண்ணாச்சி நாலு பேரிடம் சொன்னார். அந்த எண்பது பேரின் ரத்தம் இப்போது சாக்கடையில் எங்கே போய்ச் சேர்ந்ததோ. அந்தக் கண்ணாடியில்தான் முதலாண்டுப் பிள்ளைகள் எச்சில் தடவிப் படித்துக்கொண்டிருக்கின்றன.

ஆக இருப்பது மூன்று வழி என்று பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டாள், முப்பத்துமூன்று பாலி, முப்பத்துநான்கு பாலி. ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. வெளியிலிருந்து வருகிற பரீட்சையாளர் அட்டவணையைப் புரட்டாமலே போகலாம். புரட்டவும் செய்யலாம். மதுரைப் பக்கத்திலிருந்து வருகிற ஆளாம், போன வருஷம் ஒரு பையனிடம் ஒரே ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விடவில்லையாம். இரண்டாவது வழி, மேடத்திடம் சொல்வது. சொன்னால் எண்பது பேரைப் புதிதாகத் தேட வேண்டும், காலில் புண்ணோடு எண்பது பேர் அவளுக்காகக் காத்துக்கொண்டா இருக்கிறார்கள், ஆறு மாதம், ஏழு மாதம், பட்டம் அடுத்த வருஷத்துக்குப் போகும், ஜூனில் இதே கல்லூரியில் டியூட்டர் வேலை தருகிறேன் என்றார்களே அது போகும். போகட்டும், அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. உன் கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான் என்ற வாய் என்ன சொல்லும். திட்டினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் என்ன செய்வது. மூன்றாவது வழியை அவள் யோசிக்கவே இல்லை, கை பென்சிலை எடுத்துவிட்டது. மூன்று பிரதியில் ஒன்றில், அறுபத்துநான்கை அறுபத்துமூன்று ஆக்கி பக்கத்தில் இருபத்தெட்டை இருபத்தொன்பது ஆக்கி, பஸ் குலுங்கக் குலுங்க பத்தொன்பது ஆளைத் திருத்தியிருந்தாள். நாலே நாலு பக்கம். பைண்டிங் கடைக்காரர் பிரித்து மாற்றி மதியத்துக்குள் தந்துவிடுவார். செய்த தப்பை மறைக்க இன்னொரு தப்பு என்பதுகூட அப்போது தோன்றவில்லை, எண்கள் இப்போதுதான் பார்க்க நிஜம் மாதிரி இருக்கின்றன என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அதிலும் பாதிதான் நடந்தது. லேப் வாசலில் மேடமே எதிரே வந்து, என்னம்மா வந்துட்டா உன் குழந்தை என்று சிரித்து, அவள் கையிலிருந்த மற்ற இரண்டு பிரதியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்கால ரயிலுக்குச் சென்னை போகிறாராம், மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டு வைக்கிறாராம். ஒரு பக்கம் பிரிண்ட் சரியில்ல மேடம், மாத்திட்டுத் தாரேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், மூச்சு விடுகிற நேரம். அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இந்த ஸ்லைடு முடிந்ததும் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லி இரண்டையும் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முடிந்ததும், முடிந்ததும் என்று நினைத்துக்கொண்டே அவள் ஸ்லைடை மெல்ல நகர்த்தினாள், இது முடியாமலே இருந்தால் என்ன, சுடலையாண்டியின் ரத்தம் இப்படியே ஓரம் வரைக்கும் போய், திரும்பி, மறுபடி ஓரம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தால் என்ன. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு, செக்கச்செவேலென்று மணி மணியாக ஓர் ஈசினோஃபில். வெளியே டிராலி உருண்டு போகிற சத்தம். ஸ்லைடில் சொட்டு விட்ட எண்ணெயின் வாசனை. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது.

விரல் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கவுண்டரைப் பார்த்தாள், பாலி முப்பத்தேழு, லிம்ஃபோ பதினொன்று, ஈசினோ ஒன்று, மோனோ ஒன்று, ஐந்தாவது ரகம் தலைகாட்டவே இல்லை. மனசு அதுபாட்டுக்கு இரண்டால் பெருக்கி எழுபத்துநான்கு, இருபத்திரண்டு என்று நீட்டியது. வகுத்தும் பார்த்துவிட்டது, மூன்றரைக்குக் கொஞ்சம் கீழே. அவள் ஆய்வேட்டின் முடிவுரையில் தடித்த எழுத்தில் ஒரு வரி உண்டு, விகிதம் மூன்றைத் தாண்டினால் புண் முற்றுகிற அபாயம் அதிகம், மூன்றுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று. வார்டில் அந்த வரியை நம்பி ஒருத்தர் காலைப் பற்றி ஒரு முடிவு எடுக்கலாம். இவ்வளவு நாளும் அந்த வரியை அவள் பெருமையாகத்தான் படித்துக் காட்டினாள், அம்மாவுக்குக்கூட. அங்கன்வாடி டீச்சரான அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்புச் சீட்டில் எழுதிப் போட்டுவிட்டாள், பியூலாவின் ஆராய்ச்சி ஆசீர்வதிக்கப்பட என்று. பாஸ்டர் அதை மைக்கில் வாசித்தார். பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வள்ளியூரில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, ஊசிக்காரப் பிள்ளை, அவ்வளவுதான். கையைக் கட்டி நரம்பைத் தட்டி எடுத்துக் கொடுப்பாள், அது என்ன ஆகிறது, யார் பார்க்கிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தானே படிக்க வந்தாள், எடுத்த ரத்தத்தைக் கடைசி வரைக்கும் தானே பார்க்க வேண்டும் என்று. இப்போது ஐம்பதில் நின்றுகொண்டிருக்கிறாள்.

விரலை அமுக்கினாள். ஐம்பத்தொன்று. ஆறு மாதமாக அந்தப் பக்கம் போகாத விரல், முதலில் ஒரு மாதிரி கூச்சமாகத்தான் இருந்தது. ஐம்பத்தொன்பது, அறுபது. ஈசினோஃபில் இன்னொன்று வந்தது, லிம்ஃபோசைட் இப்போது கொஞ்சம் அடிக்கடி தென்பட்டது, முதல் பாதியில் எங்கே ஒளிந்துகிடந்தனவோ. வரிசையை விட்டு நகராமல், பிடித்ததை எடுக்காமல், வந்ததை வந்தபடி எண்ணினாள், கிழிந்து உருத்தெரியாமல் கிடந்த ஒரு செல்லை விட்டுவிட்டாள், விட வேண்டியதுதான். அவள் கை நன்றாகத்தான் வேலை செய்தது, அதுதான் வேதனை. தெரியாதவள் செய்த தப்பு என்றால் சொல்லிக்கொடுத்துத் திருத்திவிடலாம். எண்பது வந்தபோது ஒரு தடவை கண்ணை எடுத்து கவுண்டரைப் பார்த்தாள். பாலி ஐம்பத்தேழு, லிம்ஃபோ பத்தொன்பது, ஈசினோ மூன்று, மோனோ ஒன்று. எல்லாமே ஒற்றைப்படை. அப்பாடா என்று நிஜமாகவே மூச்சு விட்டாள், ஏதோ அந்தச் சுடலையாண்டிக்கே காய்ச்சல் இறங்கிவிட்ட மாதிரி. இதோ இப்படித்தான் இருக்கும் உண்மை, கோணல்மாணலாக, பார்த்ததும் நம்புகிற மாதிரி. இதை எழுதிக் கொடுத்துவிட்டு நேரே மேடம் அறைக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது, போய் எதைச் சொல்வது என்பது மட்டும் தோன்றவில்லை.

தொண்ணூற்றாறில் பாலி அறுபத்தெட்டு, லிம்ஃபோ இருபத்துமூன்று, ஈசினோ மூன்று, மோனோ இரண்டு. தொண்ணூற்றேழு பாலி. தொண்ணூற்றெட்டு பாலி. தொண்ணூற்றொன்பது லிம்ஃபோசைட். எழுபது, இருபத்துநான்கு, மூன்று, இரண்டு. கடைசியாக வருவது பாலியாக இருக்கட்டும், லிம்ஃபோசைட்டாக இருக்கட்டும், மோனோசைட்டாகக்கூட இருந்துவிட்டுப் போகட்டும், எது வந்தாலும் பாதகமில்லை, ஈசினோவின் அந்த மூன்று மூன்றாகவே நிற்கும். நூற்றில் நாலைந்துதான் வரக்கூடியது, அந்த ஒரு ரகம் மட்டும் வரக் கூடாது. ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினாள். சிவப்பணுக்கள் வெறிச்சென்று கடந்துபோயின. இன்னும் ஒரு மயிரிழை. பார்வை வட்டத்தின் ஓரத்தில் ஒன்று தலைகாட்டியது, இரண்டாகப் பிரிந்த கரு, சுற்றிலும் செக்கச்செவேலென்று மணிகள், கொஞ்சமும் சந்தேகமில்லாத ஈசினோஃபில். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாலியும் தெரிந்தது. இதைப் பார்க்காத மாதிரி அதை எண்ணிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள். அவள் அப்படிச் செய்யவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அமுக்கினாள். கவுண்டர் மணி அடித்தது. எழுபது, இருபத்துநான்கு, நான்கு, இரண்டு.

உயிர்ப் புள்ளியியலில் முதல் மார்க் வாங்கியவளுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. நான்கு எண்ணும் ஒரே சமயத்தில் இரட்டையாக வர எட்டுத் தடவைக்கு ஒரு தடவை வாய்ப்பு உண்டு, யாருக்கும் எப்போதும் வரும். அறுபத்தெட்டு பேருக்கும் வரிசையாக வராது, அவ்வளவுதான். எழுபதை இருபத்துநான்கால் வகுத்தாள், மூன்றுக்குக் கீழே வந்தது. ஐம்பதில் நிறுத்தியிருந்தால் மூன்றுக்கு மேலே. ஆக இந்த ஆள் அவள் ஆய்வில் ஒருவராக இருந்திருந்தால், பாதி எண்ணினால் கோட்டுக்கு அந்தப் பக்கம், முழுதாக எண்ணினால் இந்தப் பக்கம். இரண்டால் பெருக்கினால் விகிதம் மாறாது என்பது உண்மைதான், எண்ணாமல் விட்ட ஐம்பதில் என்ன இருந்தது என்பதை எதால் பெருக்கிக் கண்டுபிடிப்பது. அவளுடைய நியாயம் இத்தனை நாள் கழித்து இப்படிப் பல்லிளித்தது. சேர்மக்கனி அண்ணாச்சி வந்துவிட்டார், முடிஞ்சுட்டா என்று கையை நீட்டினார். பியூலா ரிப்போர்ட் தாளை இழுத்தாள். எழுபது என்று எழுதப் பேனாவை வைத்தாள், எழுத வரவில்லை. எழுபது, இருபத்துநான்கு, நான்கு, இரண்டு. பார்த்தால் யார் நம்புவார்கள். இதுவும் அரைக்கணக்கு என்றுதானே நினைப்பார்கள். ஒழுங்காக எண்ணினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது. அறுபத்தொன்பது என்று எழுதினாள். இருபத்தைந்து என்று எழுதினாள். நான்கு, இரண்டு. எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். ஆறு மாதத்தில் அவள் சுத்தமாக எண்ணியது இந்த ஒன்றைத்தான், அதையும் பொய்யாக எழுதிவிட்டாள்.

அண்ணாச்சி தாளை எடுத்துக்கொண்டு திரும்பும்போதே மரகதவல்லி மேடம் உள்ளே வந்தார். கையில் அந்த இரண்டு கறுப்பு அட்டைகள், விரலிடுக்கில் பேனா. ஒரு இடத்துல உன் கையெழுத்து விட்டுப்போச்சும்மா, போட்டுக் குடு, நானும் போட்டுட்டுக் கிளம்புறேன் என்று சொல்லி அவற்றை மேஜையில் வைத்தார். கையால் எண்ணுகிற ரிப்போர்ட்டில் மேடத்தின் கையெழுத்தும் வேண்டும், அண்ணாச்சி தாளை அப்படியே அவரிடம் நீட்டினார். மேடம் தாளைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ வருஷப் பழக்கம், கண் தானாகக் கவுண்டருக்குப் போனது. பியூலா அதை இன்னும் பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. கையெழுத்துப் போடப்போன பேனா அப்படியே நின்றது.

"கவுண்டர்ல எழுபது இருக்கு, இருபத்திநாலு இருக்கு. நீ அறுபத்தொம்பது, இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்கியே?"

மேடம் குரலில் கோபம் இல்லை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஏதோ கவனப்பிசகு, தினமும் பஸ்ஸில் அலைகிற பிள்ளை என்கிற தோரணையில்தான் கேட்டார். ஒரு செல்லில் சந்தேகம், மாற்றிப் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பாலியா லிம்ஃபோசைட்டா என்று தடுமாறுகிற கண் இல்லை அது என்று மேடத்துக்குத் தெரியும், இருந்தாலும் முடிந்திருக்கும். அந்தப் பதில் பியூலாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்து நின்றது. அதற்குப் பின்னால் அறுபத்தெட்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள், ஒரு பொய் வெளியே போக இடம் விட்டால்தானே.

"எல்லாம் இரட்டைப்படையா வந்துட்டு, மேடம்."

மேடத்துக்கு விளங்கவில்லை. அண்ணாச்சி மட்டும் சட்டென்று பியூலாவைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். முப்பது வருஷம் இந்த மேஜையில் இருந்தவருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வார்டு போன் மறுபடி அடித்தது, அவர் எடுக்கப் போகவில்லை.

"வந்தா என்னம்மா? இரட்டைப்படையா வரக் கூடாதா?"

மேடம் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தாளில் எழுபது, இருபத்துநான்கு என்று அவரே திருத்தி, பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு அண்ணாச்சியிடம் கொடுத்து, சீக்கிரம் அனுப்புங்க என்றார். பிறகு கறுப்பு அட்டையைப் புரட்டி, இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் பக்கத்தை எடுத்து, தன் பேனாவையே அவள் பக்கம் நீட்டினார். பியூலா அதை வாங்கவில்லை. எழுந்தாள், தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை மேடத்தின் பக்கம் தள்ளினாள்.

"கொஞ்சம் உக்காருங்க, மேடம்."